கேசியோ 991இஎக்ஸ்: பைனாமியலுக்குக் கில்லி, ஜியோமெட்ரிக்குக்கு நம் கைதான்

மூன்றாம், நான்காம் செமஸ்டரில் நிகழ்தகவு பேப்பர் வந்ததும் சேலத்து ஸ்டேஷனரி கடைகளில் ஒரே கேள்விதான்: "அண்ணா, இஎக்ஸ் வாங்கணுமா, அக்காவோட பழைய இஎஸ் பிளஸ்ஸே போதுமா?" கடைக்காரர் எந்தப் பக்கம் சொல்வார் என்று நமக்குத் தெரியும். ஆகவே பைனாமியல் (இத்தனை முயற்சியில் எத்தனை வெற்றி), ஜியோமெட்ரிக் (முதல் வெற்றி எத்தனையாவது முயற்சியில்) பரவல்களுக்கு மட்டும் இந்தக் கால்குலேட்டர் எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பார்க்கலாம். மேட்ரிக்ஸ், வெக்டர், ஒருங்கமைச் சமன்பாடு எல்லாம் வேறு விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளஸ் டூ மாணவருக்கு இது தேவையில்லை. அந்தக் கணிதப் புத்தகத்தில் பெர்னோலி, ஈருறுப்புப் பரவல் (அதாவது பைனாமியல்) வரைக்கும்தான் போகிறார்கள். எண்களும் கையால் முடிகிற அளவுக்கே கொடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படிக்கிறவருக்கு முதல் அலகிலேயே பைனாமியல், பாய்சான், ஜியோமெட்ரிக் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். அவருக்கு இஎக்ஸ் நல்ல முதலீடு. ஆனால் ஜியோமெட்ரிக்குக்காக வாங்குகிறேன் என்றால் வேண்டாம். அந்தப் பரவல் இதன் மெனுவிலேயே இல்லை.

முதலில் நன்றாகச் செய்கிற வேலை. ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போவோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறை 20 கொலுசு முடித்து வைத்திருக்கிறது. ஒரு கொலுசில் பற்றவைத்த இடம் விட்டுப்போகும் வாய்ப்பு 0.05. இது கணக்குக்காக வைத்துக்கொண்ட எண், பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 20-இல் சரியாக 2 பழுதாக இருக்கும் வாய்ப்பு என்ன?

மெனு பொத்தான், 7. டிஸ்ட்ரிபியூஷன் திரை வரும். அதில் நார்மல் பிடி, நார்மல் சிடி, இன்வர்ஸ் நார்மல், நான்காவதாக பைனாமியல் பிடி, அதாவது சரியாக இத்தனை என்பதன் வாய்ப்பு. 4 அழுத்தினால் லிஸ்ட் வேண்டுமா, வேரியபிள் வேண்டுமா என்று கேட்கும். ஒரே ஒரு விடைதான் வேண்டும் என்றால் 2. அடுத்த திரையில் மூன்று வரி: எக்ஸ், என், பி. எக்ஸ் என்பது பழுதின் எண்ணிக்கை, 2. என் என்பது மொத்த முயற்சி, 20. பி என்பது ஒரு முயற்சியின் வாய்ப்பு, 0.05. ஒவ்வொன்றுக்கும் சமக்குறி, கடைசியில் இன்னொரு சமக்குறி. விடை 0.1887. சூத்திரத்தை முழுசாக அடித்தாலும், அதாவது 20 சி 2 × 0.05² × 0.95¹⁸ போட்டாலும், அதேதான் வரும். ஆனால் அதில் அடைப்புக்குறி, அடுக்கு, ஷிஃப்ட்-வகுத்தல் என்று பத்து இடத்தில் விரல் தவறலாம்.

இங்கே அதிகம் பேர் மாட்டுகிற இடம் பி. 5 சதவீதம் என்று கேள்வியில் படித்துவிட்டு அப்படியே 5 என்று போடுவார்கள். கால்குலேட்டர் எரர் காட்டும். அது நல்லதுதான், தவறு உடனே தெரிந்துவிடுகிறது. நல்ல கொலுசின் வாய்ப்பான 0.95-ஐ பி-யில் போட்டுவிட்டு, எக்ஸ்-இல் பழுதின் எண்ணிக்கையைப் போடுவது இதைவிட மோசம். அங்கே எரர் எதுவும் வராது. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஒரு விடை அமைதியாக வந்து உட்காரும். எக்ஸ் எதை எண்ணுகிறதோ, பி அதன் வாய்ப்பாக இருக்க வேண்டும். கெட்டதை எண்ணினால் கெட்டதன் வாய்ப்பு. "வெற்றி" என்ற பாடப்புத்தகச் சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். பழுதை எண்ணும்போது பழுதுதான் வெற்றி.

குவிவு வாய்ப்பைத் தரும் பைனாமியல் சிடி முதல் திரையில் தெரியாது. கீழ்நோக்கு அம்பை ஒருமுறை அழுத்தினால்தான் அடுத்த திரையில் வரும். அங்கே அதற்கு எண் 1. இது தெரியாமல் "குவிவு வாய்ப்பு இதில் இல்லை" என்று நினைத்து பிடி-யையே நாலு முறை போட்டுக் கூட்டுகிறவர்கள் உண்டு. சிடி தருவது ஒன்றே ஒன்று: பூஜ்ஜியத்திலிருந்து எக்ஸ் வரை, எக்ஸையும் சேர்த்து. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தமிழைச் சரியாகப் படிப்பதில்தான் இருக்கிறது.

நம் 20 கொலுசுக்கே பார்ப்போம். "அதிகபட்சம் 3 பழுது" என்றால் நேராக சிடி-யில் 3 போடலாம்: 0.9841. "3-க்குக் குறைவாக" என்றால் 2 போட வேண்டும்: 0.9245. "குறைந்தபட்சம் 3" என்றால் 1-இலிருந்து சிடி 2-ஐக் கழிக்க வேண்டும்: 0.0755. "3-க்கு மேல்" என்றால் 1-இலிருந்து சிடி 3-ஐக் கழிக்க வேண்டும்: 0.0159. விடைத்தாளில் மதிப்பெண் கசிவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். குறைந்தபட்சம் 3 என்றதும் கை தானாக சிடி 3-ஐக் கழிக்கும். அப்படிக் கழித்தால் சரியாக 3 பழுதாகும் வாய்ப்பான 0.0596 காணாமல் போகிறது. விடை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கழிப்பதற்கு முன் "எந்த எண்களை நான் வேண்டாம் என்கிறேன்?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். குறைந்தபட்சம் 3 என்றால் வேண்டாதவை 0, 1, 2. அவ்வளவுதான், சிடி 2.

இந்தக் கழித்தலை டிஸ்ட்ரிபியூஷன் திரைக்குள்ளேயே செய்ய முடியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு மெனு 1-க்குத் திரும்ப வேண்டும். இது ஒரு குறைதான். மேல் பக்கத்து வாய்ப்பை நேராகக் கேட்க ஒரு வழி வைத்திருக்கலாம். இந்த அலைச்சல் பிடிக்காதவர்களுக்கு சிக்மா இருக்கிறது. சாதாரணக் கணக்குத் திரையில் ஷிஃப்ட் போட்டு எக்ஸ் பொத்தானை அழுத்தினால் கூட்டல் குறி வரும். உள்ளே 20 சி எக்ஸ் × 0.05 அடுக்கு எக்ஸ் × 0.95 அடுக்கு (20 − எக்ஸ்) என்று அடித்து, கீழே 3, மேலே 20 கொடுத்தால் கழித்தல் இல்லாமலேயே 0.0755 வந்துவிடும். அடிக்க நேரம் ஆகும், திரையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்லும். ஆனால் சிடி-யில் எடுத்த விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

லிஸ்ட் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. வீணாகிறது. "95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, எத்தனை பழுது வரை எதிர்பார்க்கலாம்?" மாதிரிக் கேள்விக்கு இன்வர்ஸ் பைனாமியல் என்று எதுவும் இதில் கிடையாது. சிடி-யில் லிஸ்ட் எடுத்து 0, 1, 2, 3 என்று வரிசையாக எக்ஸ் மதிப்புகளை ஏற்றி, பிறகு என், பி கொடுத்தால் பக்கத்திலேயே 0.3585, 0.7358, 0.9245, 0.9841 என்று நிற்கும். 0.95-ஐ முதலில் தாண்டுவது 3. விடை 3. 45 மதிப்புகள் வரை ஏற்றலாம், கல்லூரிக் கணக்குக்குத் தாராளம்.

பெரிய எண்களில் ஒரு எச்சரிக்கை. ஃபேக்டோரியல் வைத்து சூத்திரத்தை விரித்து அடிக்கிற பழக்கம் இருந்தால் 69-க்கு மேல் போகாது. 70 ஃபேக்டோரியல் 10-இன் 100-ஆம் அடுக்கைத் தாண்டுவதால் மேத் எரர்தான். சேர்வுகளைக் கணக்கிடும் என்சிஆர் பொத்தானில் (ஷிஃப்ட்-வகுத்தல்) 100 சி 50 போட்டால் 1.0089 × 10²⁹ என்று சிரமமில்லாமல் வரும். விரிக்காதீர்கள்.

இப்போது ஜியோமெட்ரிக். அதே பட்டறை, அதே 0.05. ஆனால் கேள்வி மாறுகிறது: ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறோம், முதல் பழுது எத்தனையாவது கொலுசில் சிக்கும்? பைனாமியலில் முயற்சியின் எண்ணிக்கை நிலையானது, பழுது மாறுவது. இதில் பழுது ஒன்று என்று நிலையாகிவிட்டது, முயற்சியின் எண்ணிக்கைதான் மாறுகிறது. இந்தத் தலைகீழ் புரிந்துவிட்டால் மெனுவில் இல்லையே என்ற கவலை போய்விடும். ஏனென்றால் ஜியோமெட்ரிக்குக்கு மெனுவே தேவையில்லை. ஐந்தாவதில் முதல் பழுது என்றால் நாலு நல்லது, பிறகு ஒரு பழுது: 0.95⁴ × 0.05 = 0.0407. அவ்வளவே. ஐந்துக்குள் சிக்கிவிடும் வாய்ப்பு 1 − 0.95⁵ = 0.2262. எதையும் கூட்ட வேண்டாம், சிக்மா வேண்டாம்.

இங்கே ஒரு சின்ன எரிச்சல் உண்டு. திரை மேத்-ஐ, மேத்-ஓ அமைப்பில் இருந்தால் 0.95 வர்க்கத்துக்கு 361/400 என்று பின்னமாகக் காட்டும். பயந்து மறுபடி அடிக்க வேண்டாம், எஸ்-டி பொத்தானை ஒருமுறை தட்டினால் தசமமாக மாறும்.

"ஐந்தாவதில் முதல் பழுது" என்பதையும் "ஐந்தில் ஒன்று பழுது" என்பதையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்த இரண்டு பரவல்களிலும் மிகப் பெரிய குழப்பம். இரண்டாவதை பைனாமியல் பிடி-யில் போட்டால் 0.2036 வரும். முதலாவது 0.0407. சரியாக ஐந்து மடங்கு வித்தியாசம். காரணம் வெளிப்படை. ஐந்தில் ஒன்று என்றால் அந்தப் பழுது முதலாவதாகவும் இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம், ஐந்து இடம். ஐந்தாவதில் முதல் பழுது என்றால் ஒரே இடம்தான். 5 சி 1 என்ற பெருக்கி வேலை செய்வது அங்கேதான். கேள்வியில் "முதல்", "வரும் வரை", "கிடைக்கும் வரை" என்ற சொற்கள் கண்ணில் பட்டால் என்சிஆர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

அதற்காக பைனாமியல் மெனு ஜியோமெட்ரிக்குக்கு ஒன்றும் உதவாது என்றில்லை. பிடி-யில் எக்ஸ்-க்கு 0, என்-க்கு 20, பி-க்கு 0.05 போட்டுப் பாருங்கள்: 0.3585. இது "20-இல் ஒன்றும் பழுதில்லை" என்ற பைனாமியல் விடை. இதுவே "முதல் பழுதுக்கு 20-க்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும்" என்ற ஜியோமெட்ரிக் விடையும்கூட. இரண்டு பரவலும் கைகுலுக்கிக்கொள்கிற இடம் இதுதான். இது பிடிபட்டவருக்கு ஜியோமெட்ரிக் குவிவு வாய்ப்பு தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. "மூன்றாவது பழுது 20-ஆவது கொலுசில்" என்ற எதிர்மறை பைனாமியலும் இதே வழியில் வரும்: முதல் 19-இல் 2 பழுது என்று பிடி எடுத்து, 0.05-ஆல் பெருக்கினால் 0.0089.

இன்னும் ஒரு படி மேலே போக டேபிள் பயன்முறை, மெனு 9. எஃப் எக்ஸ் இடத்தில் 0.05 × 0.95 அடுக்கு (எக்ஸ் − 1) அடித்து, தொடக்கம் 1, முடிவு 20, படி 1 கொடுங்கள். 0.05, 0.0475, 0.0451, 0.0429 என்று ஒவ்வொன்றும் முந்தையதன் 0.95 மடங்காக இறங்கிக்கொண்டே போகும். பத்தாம் வகுப்பில் பார்த்த பெருக்குத் தொடரேதான். அதிக வாய்ப்பு எப்போதும் முதலாவதுக்கு. ஆனால் சராசரி 1/0.05, அதாவது 20. இது எப்படி ஒத்துப்போகும்? இதை வகுப்பில் கேட்டால் பலர் விழிப்பார்கள். இப்போது எஃப் எக்ஸை 1 − 0.95 அடுக்கு எக்ஸ் என்று மாற்றி, முடிவை 45 ஆக்குங்கள். 14-ஆவது வரியில் விடை 0.5-ஐத் தாண்டும். 45-ஆவது வரியில்தான் 0.9-ஐத் தாண்டும். அதாவது பாதித் தடவை 14-க்குள்ளேயே பழுது சிக்கிவிடும். மீதித் தடவைகளில் சில நீளமாக இழுக்கும். அந்த இழுவைதான் சராசரியை 20-க்குத் தூக்கி வைக்கிறது. திட்ட விலக்கம் 19.49, சராசரிக்குச் சமம் என்றே சொல்லலாம். "சராசரி 20, ஆகவே 20-க்குள் கட்டாயம் ஒன்று வரும்" என்று நினைப்பவர், 0.3585 வாய்ப்பில் ஏமாறுவார். ஒரே ஒரு சார்பு என்றால் டேபிள் 45 வரிகளோடு நின்றுவிடும், அதனால்தான் இந்த உதாரணம் இதில் அடங்கியது. பி இன்னும் சிறிதானால் படியை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பழுது ஒன்றாவது சிக்கிவிடும் என்று 95 சதவீதம் உறுதியாகச் சொல்ல எத்தனை பார்க்க வேண்டும்?" தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. 0.95 அடுக்கு எக்ஸ் = 0.05 என்று அடித்து (சமக்குறிக்கு ஆல்ஃபாவும் கால்க் பொத்தானும்), ஷிஃப்ட் போட்டு கால்க் அழுத்தினால் சால்வ் வேலை செய்யும். லாக் 0.05 வகுத்தல் லாக் 0.95 என்று போட்டால் இன்னும் சீக்கிரம். விடை 58.40. இங்கே முழுமையாக்கும் வழக்கமான விதி செல்லாது. 58 என்று எழுதினால் 95 சதவீதம் எட்டவில்லை. 59 தான் விடை. எப்போதும் மேலே.

நடந்ததைக் கணக்கில் வைக்காத 'நினைவில்லாப் பண்பு' பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் 10 கொலுசும் நல்லதாக வந்துவிட்டால் "அடுத்தது பழுதாகத்தான் இருக்கும், முறை வந்துவிட்டது" என்று மனம் சொல்லும். ஜியோமெட்ரிக் அதைக் கேட்பதில்லை. இன்னும் 20 பார்த்தும் சிக்காமல் இருக்கும் வாய்ப்பு அப்போதும் 0.3585 தான். 0.95³⁰ ஐ 0.95¹⁰ ஆல் வகுத்துப் பாருங்கள், திரையில் அதே எண் நிற்கும்.

ஜியோமெட்ரிக்கில் இரண்டு வழக்கம் உண்டு என்பதும் குழப்பம்தான். முதல் பழுது வந்த முயற்சியின் எண் என்று எண்ணினால் 1-இலிருந்து தொடங்கும், சராசரி 20. அதற்கு முன் வந்த நல்லவற்றை மட்டும் எண்ணினால் 0-இலிருந்து தொடங்கும், சராசரி 19. கேசியோவின் கிராஃபிக் மாடல்களில் இருக்கும் ஜியோமெட்ரிக் மெனு முதல் வழக்கத்தைப் பின்பற்றுகிறது. பைத்தானின் சைபை நூலகமும் அப்படியே. ஆர் மென்பொருள் இரண்டாவதைப் பின்பற்றுகிறது. எக்செலில் ஜியோமெட்ரிக்குக்குத் தனிச் செயல்பாடு இல்லை, எதிர்மறை பைனாமியலை எடுத்து வெற்றி 1 என்று போட வேண்டும். அதுவும் தோல்விகளைத்தான் எண்ணும். லேபில் ஆரில் போட்ட விடையும் நோட்டில் கால்குலேட்டரில் போட்ட விடையும் ஒன்று தள்ளி நின்றால் காரணம் இதுதான்.

கால்குலேட்டருக்குத் தெரியாத விஷயங்களுக்கு வருவோம். என் 20, பி 0.05 என்று கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் விடை தரும். அந்த 20 முயற்சிகளும் ஒன்றையொன்று சாராதவையா, எல்லாவற்றுக்கும் அதே 0.05 தானா என்று அதற்குத் தெரியாது. சேலத்தையே சுற்றிப் பார்த்தால் இது எத்தனை இடத்தில் உடைகிறது என்று தெரியும். ஜவ்வரிசி ஆலைக் களத்தில் காயும் போது மழை வந்தால் களம் முழுவதும்தான் நனையும். ஒரு மூட்டை தரம் கெட்டதும் பக்கத்து மூட்டை கெட்டதும் தனித்தனிச் செய்தி இல்லை. அங்கே பைனாமியல் போட்டால் "எல்லாம் கெட்டது" என்பதன் வாய்ப்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வரும், நிஜத்தில் அது அடிக்கடி நடக்கும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டம் இன்னும் நல்ல உதாரணம். காய்த்துளைப்பான் வண்டு தோட்டம் முழுக்கச் சமமாகப் பரவாது. போன பருவத்தில் பறிக்காமல் விட்ட பழம் எங்கே கிடக்கிறதோ அந்தச் செடிகளைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். ஒரே செடியில் 50 காய் பறித்து எத்தனை துளைபட்டது என்று எண்ணினால் அது 50 சாராத முயற்சி ஆகாது. சராசரி மாறாது, ஆனால் பரவற்படி வீங்கிவிடும். காய்களுக்கு இடையே ஒட்டுறவுக் கெழு வெறும் 0.1 இருந்தாலே பரவற்படி 1 + 49 × 0.1, அதாவது 5.9 மடங்கு. 50 செடியில் செடிக்கு ஒரு காய் பறித்தால் பைனாமியலுக்கு வெகு அருகில் வந்துவிடலாம். கணக்கைக் கால்குலேட்டரில் திருத்த முடியாது, பறிக்கிற முறையில்தான் திருத்த வேண்டும்.

மாம்பழப் பெட்டியில் வேறு சிக்கல். 12 மல்கோவாவில் 3 அடிபட்டது. 4 எடுக்கிறோம், எதுவும் அடிபடாத வாய்ப்பு? பி 0.25, என் 4 என்று பைனாமியலில் போட்டால் 0.3164. எடுத்த பழத்தைத் திரும்பப் பெட்டியில் வைப்பதில்லை என்பதால் சரியான விடை 9 சி 4 வகுத்தல் 12 சி 4, அதாவது 0.2545. எடுப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பைனாமியல் தாங்கும். லாரி நிறையப் பழத்தில் 20 எடுத்தால் கவலை இல்லை, பெட்டியில் எடுத்தால் கவலைப்பட வேண்டும்.

அலகு விஷயத்திலும் ஒரு கண் இருக்கட்டும். கொலுசு ஜோடியாகத்தான் விற்கும். ஒற்றைக்கு 0.05 என்றால் ஜோடியில் ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு 1 − 0.95² = 0.0975. 20 ஒற்றையில் பழுதே இல்லை என்பதும் 10 ஜோடியில் பழுதே இல்லை என்பதும் ஒன்றுதான், இரண்டும் 0.3585. ஆனால் "சரியாக 1 பழுது" என்று கேட்டால் ஒற்றைக்கு 0.3774, ஜோடிக்கு 0.3873. ஒரே ஜோடியில் இரண்டும் பழுதானால் ஜோடிக் கணக்கில் அது ஒன்றுதான். கேள்வி எதை எண்ணச் சொல்கிறது என்று பார்க்காமல் பி-யை நிரப்பாதீர்கள்.

பாய்சான் தோராயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அதே மெனுவில் பாய்சான் பிடி இருக்கிறது. 20 × 0.05 = 1 போட்டால் பூஜ்ஜியத்துக்கு 0.3679 வரும், உண்மை 0.3585. இஎக்ஸ் கையில் இருக்கும்போது இந்தத் தோராயம் தேவையே இல்லை, ஆனால் "பாய்சான் மூலம் காண்க" என்று கேட்டால் 0.3585 எழுதி வாதாட முடியாது.

மற்ற மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. 991இஎஸ் பிளஸ்ஸில் மோட் அழுத்தினால் எட்டுப் பயன்முறைகள் வரும், டிஸ்ட்ரிபியூஷன் அதில் இல்லை. என்சிஆர், சிக்மா, டேபிள், சால்வ் எல்லாம் இருக்கின்றன. டேபிள் மோட் 7, சிக்மா அடிமானம் கேட்கிற லாக் பொத்தானுக்கு மேலே. அதாவது ஜியோமெட்ரிக்குக்கு இரண்டும் ஒன்றே; பைனாமியலில் மட்டும் சிக்மா அடிக்கிற பொறுமை வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் புதிது வாங்கத் தோன்றினாலும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். 991எம்எஸ்ஸில் சிக்மாவும் டேபிளும் கிடையாது, குவிவு வாய்ப்புக்கு உயிர் போகும். புதிய 991சிடபிள்யூவில் பரவல் பட்டியல் இஎக்ஸ் மாதிரியேதான், ஜியோமெட்ரிக் அதிலும் இல்லை. ஆனால் பொத்தான்களின் இடம் மாறிவிட்டது. என்சிஆரை கேட்டலாக் என்ற பட்டியலுக்குள் நிகழ்தகவுப் பிரிவில் தேட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் பழகிக்கொள்வார். இஎஸ் பிளஸ்ஸில் விரல் பழகியவருக்கு இஎக்ஸ்தான் வசதி, தயங்காமல் அதையே கேளுங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவருக்கு இவை எதுவுமே ஹாலுக்குள் போகாது. திரையில் வரும் கால்குலேட்டர்தான், அதில் பரவல் மெனு கிடையாது. ஆகவே மெனுவையே நம்பிக்கொண்டு சூத்திரத்தை மறந்துவிட வேண்டாம்.

கடையில் வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அங்கேயே ஆன் செய்து மெனு 7, அம்பு கீழே, பைனாமியல் சிடி, எக்ஸ் 2, என் 20, பி 0.05 போட்டுப் பாருங்கள். 0.9245 வர வேண்டும். ஷிஃப்ட் போட்டு ஆப்ஷன் அழுத்தினால் கியூஆர் சதுரம் திரையில் வர வேண்டும். போலிகளில் வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும், பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மாட்டிக்கொள்ளும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சூரிய ஒளித் தகடு இருந்தாலும் உள்ளே எல்ஆர்44 பேட்டரி ஒன்று இருக்கிறது. திரை மங்கத் தொடங்கினால் தேர்வுக்கு முந்தைய வாரமே மாற்றிவிடுவது நல்லது.

தேர்வு ஹாலில் எந்த மாடல் செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அனுமதிக்கிற இடத்திலும் சில கண்காணிப்பாளர்கள் நினைவகத்தை அழித்துக் காட்டச் சொல்வார்கள். ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, ஏசி. அழித்ததும் திரை மறுபடி மேத்-ஓ அமைப்புக்குப் போய்விடும், விடை பின்னத்தில் வரத் தொடங்கும். எஸ்-டி பொத்தான் எங்கே இருக்கிறது என்று முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.